மலைப்பாதை ஓட்டம்: ஓடுவதா, ஒத்தாசைக்கு நிற்பதா?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஜனவரி கடைசியில மேலூர்ப் பக்கம் மலை ஓட்டம் இருக்குல்ல, அதுக்குப் பேர் குடுக்கப் போறேன். பத்துக் கிலோமீட்டரா, இருபத்தஞ்சா? இல்ல, உங்ககூட வாலண்டியரா வந்துரவா? நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி வாரத்துக்கு நாலு நாள் ஓடுகிறவன். பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பான். மலையில் மட்டும் ஓடியதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்று தோன்றியதால் பதிலை எழுதியே வைக்கிறேன்.

அந்த ஓட்டத்தில் நான் மூன்று முறை ஓடியிருக்கிறேன், நான்கு முறை வேலை பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் இதுவரை ஓடாதவர்கள் முதல் வருடம் வாலண்டியராக வருவதுதான் நல்லது. அதிலும் பாதை பிரியும் இடத்தில் நிற்கிற வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். மலையில் ஏறி இறங்கிப் பழகியவர்கள் தாராளமாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடலாம். இருபத்தைந்து என்பது இந்த இரண்டில் ஒன்றையாவது செய்து பார்த்தவர்களுக்கு.

ஏன் என்று சொல்கிறேன்.

ஓடுவது என்றால்

தெப்பக்குளத்தில் ஒரு மணி நேரத்தில் ஓடும் தூரம் மலையில் ஒன்றரை மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகும். நேரம் கூடுவதில் தவறில்லை. ஆனால் அதை எதிர்பார்க்காமல் போகிறவர் முதல் மூன்று கிலோமீட்டரில் சாலை வேகத்தில் ஓடி மூச்சைத் தீர்த்துவிடுவார். கண்மாய்க்கரை சமமாகத்தான் இருக்கும். அங்கே எல்லோரும் பறப்பார்கள். அடுத்து வரப்பு, மணல் நிறைந்த ஓடை, அப்புறம் பாறை. பாறை ஏற்றத்தில் நன்றாக ஓடுகிறவர்களே கையைத் தொடையில் ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். அங்கே நடப்பது தோல்வி இல்லை, அதுதான் முறை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் காலை வாங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் பிடித்து நிறுத்துகிறது. பழக்கமில்லாத தசை அந்த வேலையில் நுண்ணிய அளவில் கிழிகிறது. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தெரியும். திங்கள்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள். தெப்பக்குளத்தை நூறு சுற்றுச் சுற்றினாலும் இந்தத் தசைக்குப் பயிற்சி கிடைக்காது. படியில், சரிவில் இறங்கித்தான் பழக வேண்டும். எனக்குக் கைகொடுத்தது கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகள். கருப்பசாமி கோயில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் ஏறி நிதானமாக இறங்குவேன். ஆயிரம் வருடத்துக்கும் பழைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கிற பாதுகாக்கப்பட்ட மலை அது. அங்கே வேகம் பார்க்காதீர்கள், நடந்து ஏறி நடந்து இறங்கினாலே போதும். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் செய்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது முள். கருவேல முள் சாலையில் ஓடும் ஷூவின் மெத்தையான அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கே வந்துவிடும். அடியில் பல் பல்லாக இருக்கும் கெட்டியான ஷூ வேண்டும். அதை ஓட்டத்தன்று புதிதாகப் போடக் கூடாது, ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். நெருஞ்சி சாக்ஸில் ஒட்டிக்கொண்டால் நின்று எடுத்துவிடுங்கள். அரை நிமிடம்தான் போகும். எடுக்காமல் ஓடி, கொப்புளத்தோடு முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அழகைப் பற்றி. இந்த ஓட்டத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் பலரும் சொல்வது இயற்கைக் காட்சியைத்தான். மாப்பிள்ளையும் அதைத்தான் சொன்னான். ஆனால் பாறையில் ஓடுகிறவரின் கண் காலுக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால்தான் இருக்கும். நிமிர்ந்து மலையைப் பார்த்தால் கால் இடறும். முதல் வருடம் ஓடி முடித்து வீட்டுக்கு வந்தபோது, "மலை எப்படி இருந்துச்சு?" என்று என் மனைவி கேட்டாள். என் நினைவில் இருந்தது சரளைக்கல்லும், எனக்கு முன்னால் ஓடியவரின் கணுக்காலும், கடைசி இறக்கத்தில் வலது பக்கம் வந்த ஒரு கள்ளிப் புதரும்தான்.

மறு வருடம் அதே மலையில், பாதை இரண்டாகப் பிரியும் ஒரு பாறைத் திட்டில் நின்றேன். ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கும்மிருட்டு. ஆறு மணிக்குப் பாறை மெல்லச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. ஆறரைக்கு மேல் சூரியன் எழுந்ததும் உச்சிப்பாறை மட்டும் செம்பு போலச் சிவந்து, அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்த வருடம் அது. கீழே கண்மாய் நிறைந்து கிடந்தது. முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்தன. எங்கோ மயில் அகவியது. பாறை முகட்டைச் சுற்றி ஒரு வல்லூறு இறக்கையை அசைக்காமல் மிதந்து போனது. முதல் ஓட்டக்காரர் வந்தபோது மணி ஆறு ஐம்பது. அதுவரை மலை முழுக்க எனக்கே எனக்கு.

காட்சிக்காகத்தான் வருகிறேன் என்றால், நிற்கிறவருக்குத்தான் அது கிடைக்கும்.

நிற்பது என்றால்

வாலண்டியர் வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே வேலை இல்லை. நான்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் வேண்டும்.

முதலாவது, முந்தின நாள் பாதையை நடந்து, ஓடுகிறவர்களுக்கு வழி தெரிய ரிப்பன் கட்டுவது. இரண்டாவது, பாதை பிரியும் இடத்தில் நின்று வழிகாட்டுவது. மூன்றாவது, தண்ணீர் மேசை. நான்காவது, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வருவது.

தண்ணீர் மேசை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் கள்ளழகர் வைகைக்கு வரும் வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் இருக்கின்றன. சித்திரை வெயிலில் நீர்மோரும் பானகமும் ஊற்றிக் கொடுத்த கை நம்முடையது. அதே மனசுதான் இங்கேயும். ஆனால் கணக்கு கொஞ்சம் வேறு. நூற்றைம்பது பேர் ஓடுகிறார்கள், ஒரு மேசையில் ஒருவர் நானூறு மில்லி குடிக்கிறார் என்று வைத்தால் அறுபது லிட்டர், இருபது லிட்டர் கேன் மூன்று. தலையில் ஊற்றிக்கொள்ள, கை கழுவ, காயம் கழுவ என்று இன்னும் இரண்டு. ஐந்து கேனுக்குக் குறைவாக ஒரு மேசையைத் திறக்கக் கூடாது. கடைசியில் வருகிறவர்தான் வெயிலில் அதிக நேரம் இருப்பார். அவருக்குத் தண்ணீர் இல்லாமல் போவதைப் போலப் பாவம் வேறில்லை. கப்பை ஓட்டக்காரரே கொண்டுவர வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் மலையில் அதைப் பொறுக்கியவர்களுக்குத் தெரியும், காற்று ஒரு கப்பை எங்கே கொண்டுபோய்ச் செருகும் என்று.

மேசையில் நிற்பவர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். "குடிங்க, இன்னொரு கப் குடிங்க" என்று அன்பாக வற்புறுத்தக் கூடாது. மூன்று நான்கு மணி நேரம் வியர்த்தவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரை போகும். தாகத்துக்குக் குடிக்கட்டும். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, உப்பு தொட்ட ஆரஞ்சுச் சுளை, கடலை மிட்டாய், வாழைப்பழம் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். கலக்குகிறவர் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டரில், கலக்க வேண்டும். அரை பாட்டிலில் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தால் நல்லதைவிடக் கெடுதல்தான்.

யாராவது தள்ளாடி வந்து, பேச்சுக் குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடம்பு வியர்த்திருக்கிறதே என்று அலட்சியமாக விடாதீர்கள். ஓட்டக்காரர்களுக்கு வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வையும் இருக்கும். நிழலில் படுக்க வைத்து, தண்ணீரை மேலே ஊற்றி விசிறிக் குளிரவைக்கும் வேலையை அந்த நிமிடமே தொடங்க வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வண்டி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

இனி பாதை பிரியும் இடம். மாப்பிள்ளைக்கு நான் கேட்டு வாங்கப் போகும் வேலை இதுதான். பார்த்தால் சும்மா நிற்பது போல இருக்கும். நான் நின்ற முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை அந்தத் திட்டில் ஐந்து ரிப்பன் கட்டியிருந்தோம். ஞாயிறு விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டுதான் இருந்தது. மூன்றாவது இருந்த கருவேலங்கிளையில் விரல் நீளத் துணி மட்டும், மென்று நைந்து, நார் நாராகத் தொங்கியது. கீழே ஆட்டுப் புழுக்கை. நாங்கள் கட்டிவிட்டுப் போன பிறகு கிடைக்குத் திரும்பிய ஆடுகள் வழியில் தின்றிருக்கின்றன. ரிப்பன் இல்லாத அந்த இடத்தில் ஓட்டக்காரர் தானாக நேரே போவார். நேரே போனால் பழைய கல்குவாரிப் பள்ளம். முந்தின வருடம் அங்கே யாரும் நிற்கவில்லை. எட்டுப் பேர் அந்தப் பக்கம் போய், இரண்டு கிலோமீட்டர் அலைந்து திரும்பினார்கள். பள்ளத்தின் ஓரம் வரை போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது தெய்வாதீனம்.

அதனால் அங்கே நிற்பவரின் வேலை கையை நீட்டி "இடது பக்கம்" என்று சொல்வது மட்டும் இல்லை. ஒவ்வொருவரின் நம்பர் அட்டையையும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். "பேர் என்ன, எந்த ஊர்?" என்று கேட்டால் வரும் பதிலிலேயே ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். நான்கு மணி நேரம் இப்படி நின்றால், மலையில் நன்றாக ஓடுகிறவர்கள் எப்படி அடி வைக்கிறார்கள், ஏற்றத்தில் எங்கே நடக்கத் தொடங்குகிறார்கள், எவ்வளவு தண்ணீர் சுமக்கிறார்கள் என்பதெல்லாம் கண்முன்னே நடக்கும். எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவைக் காட்ட மாட்டார். என் இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடப் பதினெட்டு நிமிடம் குறைந்தது. நடுவில் நான் நின்ற அந்த ஒரு காலைதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைசி ஆளோடு வருவது

நான்கு வேலைகளில் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். ஆனால் புதியவருக்குக் கொடுக்கக் கூடாது. பாதை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், முதலுதவிப் பை சுமக்க வேண்டும், முழுத் தூரமும் கால் தாங்க வேண்டும். ஓடுவதும் ஒத்தாசையும் ஒன்றாகச் சேரும் இடம் இது.

ஒரு வருடம் இருபத்தைந்து கிலோமீட்டரில் கடைசியாக வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அறுபதை ஒட்டிய வயது. பதினாலாவது கிலோமீட்டரில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பாறையில் உட்காரவைத்து, முன்பாதத்தை மெதுவாக முழங்கால் பக்கம் வளைத்துப் பிடித்தேன். தசை கல் மாதிரி இறுகியிருந்தது. இரண்டு நிமிடம் கழித்து அது கைக்குள் தளர்வது தெரிந்தது. உப்புப் போட்ட உருளைக்கிழங்கு ஒன்றைத் தின்றுவிட்டு, "என்னால உங்களுக்கு லேட் ஆகுதா தம்பி?" என்று கேட்டார். "இல்லம்மா, கடைசியா வர்றதுதான் என் வேலை" என்றேன். அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அதுவரை எனக்காக வேகமாக நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு தன் வேகத்தில் நடந்தார், பிடிப்பு திரும்ப வரவில்லை. நேரக்கெடுவுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது முடித்தார். மெடலை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொரு வருடம் கதை வேறு. இரண்டாவது மேசையில் தாளைச் சரிபார்த்தால் அறுபத்தொரு பேரில் ஒரு நம்பர் குறைந்தது. கடைசி ஆளாக வந்த எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நானும் இன்னொரு வாலண்டியரும், ஊர்க்காரர்கள் நான்கு பேரும் திரும்பிப் போய் ஓடையையும் புதரையும் ஒன்றரை மணி நேரம் தேடினோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் சிக்னல் கிடைத்த இடத்தில் அவர் போனுக்கு அழைத்தால், முதல் மேசையிலேயே முடியவில்லை என்று ஷேர் ஆட்டோ ஏறி மேலூர் போய், அங்கே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஓடப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள். எங்கே நிறுத்தினாலும் நம்பர் அட்டையைப் பக்கத்து வாலண்டியர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும்

வாலண்டியர் வேலையில் சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கு எழ வேண்டும். ஆறு ஏழு மணி நேரம் நிற்க வேண்டும். பொங்கல் பொட்டலம் நம்மிடம் வரும்போது மணி பத்தாகியிருக்கும், ஆறிப்போயிருக்கும். ஒரு வருடம், எல்லோரும் போய்விட்டார்கள் என்று யாரும் தகவல் சொல்லாததால் ஒரு மணி நேரம் கூடுதலாக வெயிலில் நின்றேன். அதனால் எந்த வேலையை ஏற்பதாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: என்னை எப்போது, யார் வந்து விடுவிப்பார்கள்? நான் நிற்கும் இடத்தில் சிக்னல் இருக்கிறதா? என்னோடு இன்னொருவர் உண்டா?

பெண்களுக்கு மூன்றாவது கேள்வி இன்னும் முக்கியம். தனியாக ஒரு திட்டில் நிறுத்தினால் முடியாது என்று நேரடியாகச் சொல்லிவிடலாம், இரண்டு பேராகத்தான் போட வேண்டும். கழிப்பறையைப் பற்றிக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். மலையில் ஒன்றும் இருக்காது. தண்ணீர் மேசைகளில் ஒன்றாவது ஒரு வீட்டையோ பள்ளியையோ ஒட்டி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால் ஓடுகிறவர்களுக்கும் நிற்கிறவர்களுக்கும் நிம்மதி. என் மனைவி மேசை வேலைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது. அதுவரை ஆண்கள் நாங்கள் இதை யோசிக்கவே இல்லை.

இன்னொரு சிரமம் மனசில் வருவது. முதல் பத்துப் பேர் கடந்து போகும்போது, நாமும் ஓடியிருக்கலாமே என்று கால் துடிக்கும். அது இயல்புதான். நாற்பதாவது ஆள் வரும்போது அது போய்விடும்.

செலவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடுகிறவருக்குப் பதிவுக் கட்டணம், நல்ல ஷூ, தண்ணீர்ப் பை. நிற்கிறவருக்குப் பெட்ரோல் மட்டும்.

பேர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது

ஓடுவதானாலும் நிற்பதானாலும் முதலில் கேட்க வேண்டியது, பாதை காப்புக்காட்டுக்குள் போகிறதா, போனால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். காய்ந்த புல், காற்று, தப்பிக்க வழியில்லாத சரிவு. அதன் பிறகு அதே வருடம் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அனுமதியைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிற ஏற்பாட்டாளரிடம் பேர் கொடுக்காதீர்கள். மார்ச்சுக்குப் பிறகு நம் பக்கத்து மலைகளில் ஓட்டம் என்று யாராவது அழைத்தாலும் போகாதீர்கள். வெயிலும் காய்ந்த புல்லும் சேர்ந்த காலம் அது.

மலையில் தேனீயும் பாம்பும் உண்டு. பாறை முகட்டில் மலைத்தேனீ அடை தொங்கினால் அதன் அடியில் சத்தம், புகை, வாசனைத் தைலம் எதுவும் கூடாது. பாதை போடுகிறவர்கள் அந்த இடத்தை விலக்கித்தான் போட வேண்டும். சுருட்டை விரியன் கல் இடுக்கில் கிடக்கும், கையை ஊன்றும் முன் பார்த்து ஊன்ற வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், அது உண்மையிலேயே மலைப்பாதை ஓட்டமா என்றும் பாருங்கள். சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கத்தின் வரையறைப்படி தார்ச்சாலையும் சிமெண்டுச் சாலையும் மொத்தத் தூரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சில ஓட்டங்களில் மலை படத்தில் மட்டும்தான் இருக்கும்.

இந்த மலைகள் யாருடையவை என்பதையும் மறக்கக் கூடாது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்த 193 ஹெக்டேர் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் ஓரிடத்தில். அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் ஊராகத் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அது ரத்தாகும் வரை ஓயாத மக்கள் இவர்கள். அவர்கள் காத்து வைத்திருக்கும் மலையில் நாம் ஒரு காலை நேரம் விருந்தாளி. ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடும் ஓட்டத்துக்கு நான் ஓடவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன்.

இரண்டையும் செய்ய முடியாதா?

முடியும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடக்கும் ஹார்ட்ராக் என்ற நூறு மைல் ஓட்டத்தில் ஓடுகிறவர், எட்டு மணி நேரம் தன்னார்வ வேலை செய்திருக்க வேண்டும் என்பது விதி. நியாயமான விதி. நம் ஊரில் அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, நாமாகச் செய்துகொள்ளலாம்.

ஆனால் எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். சனிக்கிழமை வெயிலில் ஐந்து மணி நேரம் ரிப்பன் கட்டிவிட்டு ஞாயிறு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுவது தவறு. இரண்டாவது முறை ஓடியபோது அப்படித்தான் செய்தேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறு பத்துக் கிலோமீட்டர் ஓடி, சாப்பிட்டு, நிழலில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, கடைசி ஆள் வந்த பிறகு ரிப்பன் அவிழ்க்கப் போகலாம். அதற்குத்தான் எப்போதும் ஆள் கிடைப்பதில்லை. ஓடிய பாதையைத் திரும்ப மெதுவாக நடக்கும்போது, ஓடுகையில் பார்க்காத மலை அப்போது தெரியும். இது என் மூன்றாவது ஓட்டத்தின் ஏற்பாடு. பத்துக் கிலோமீட்டர்க்காரர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு மூச்சு இருக்கிறது, இறக்கத்துக்குக் கால் இல்லை. ஓட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான். எட்டு வாரப் பயிற்சி இருந்திருந்தால் பத்துக்குப் பேர் கொடு என்றிருப்பேன். அதனால் இந்த வருடம் ரிப்பனும் பாதை பிரியும் இடமும். அடுத்த வருடம் பத்து. இருபத்தைந்தை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நேற்று போனில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி மாமா, அந்தக் குவாரித் திட்டுலயே என்னை நிறுத்துங்க" என்றான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். முழுக்கைச் சட்டை, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். ரிப்பன் துணியில்தான் இருக்கும், பிளாஸ்டிக் இல்லை. கையை உயர்த்தி எட்டுகிற கிளையில்தான் கட்ட வேண்டும் என்றும் சொன்னேன். பின்னங்காலில் நின்றால் ஆட்டுக்கு நெஞ்சு உயரம் சுலபமாக எட்டும்.